பதினோரு நிமிடக் காற்று

எங்கள் முதல் படம் மொத்தம் 11 நிமிடம். டிவிக்குப் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களைச் செருகி, கேமராவிலிருந்தே நேராக ஓட்டி, வீட்டுக் கூடத்தில் பதினைந்து பேர் உட்கார்ந்து பார்த்தோம். மூன்றாவது நிமிடத்தில் மாமா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். படத்திலிருந்த காற்றும் சேர்ந்து கூடியது. "அவ என்னல சொல்லுதா?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. நடித்த அத்தை அங்கேயேதான் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள், அவளுக்கே தெரியவில்லை. "நான் பேசுனதெல்லாம் எங்கல போச்சு?" என்று என்னைக் கேட்டாள்.

புளியரை வயல் வரப்பில், ஆனி மாதச் சாரலில் எடுத்த காட்சி அது. செங்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மேற்குத் தொடர்ச்சி மலை ஆரியங்காவுப் பக்கம் கொஞ்சம் குனிந்து வழிவிடுகிறது, தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கேரளத்தில் கொட்டிவிட்டு மிச்ச ஈரத்தோடு அந்த இடைவெளியில் புகுந்து இந்தப் பக்கம் வருகிறது. குற்றாலத்துக்குக் கூட்டம் வருவதே அருவிக்குப் பாதி, அந்தச் சாரலுக்குப் பாதி. மனிதனுக்குச் சுகம். கேமராவில் ஒட்டியிருக்கும் குன்றிமணி அளவு மைக்குக்கு அது சனியன்.

கேமரா வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 2008-ல் புனலூரில், துபாயிலிருந்து ஊரோடு வந்துவிட்ட ஒரு குடும்பத்திடம் 9,500 ரூபாய்க்கு வாங்கினோம், நானும் இரண்டு நண்பர்களும் பங்கு போட்டு. ஹேண்டிகேம் என்றுதான் எங்கள் பக்கம் எல்லாக் கம்பெனி கேம்கார்டருக்கும் பெயர். பிள்ளைகளின் பிறந்தநாள் எடுத்து, அப்புறம் அலமாரியில் பூட்டி வைத்திருந்த சாமான். கூடவே இரண்டு பேட்டரி தந்தார்கள், அதில் ஒன்று காட்சிக்கு மட்டும். வளைகுடா கேமரா என்பதில் ஒரு நன்மை உண்டு, அது நம்மைப் போலவே பால் (PAL) என்ற வீடியோ முறை, நொடிக்கு 25 படம். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்தது என்றால் பெரும்பாலும் என்டிஎஸ்சி (NTSC) முறை, நொடிக்கு ஏறக்குறைய 30. நம் ஊர் கரண்டு 50 ஹெர்ட்ஸ், ஆகவே அந்தக் கேமராவைக் குழல்விளக்கின் கீழ் வைத்தால் சுவரெல்லாம் துடிக்க ஆரம்பித்துவிடும். இலவசமாகக் கிடைத்தாலும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போடுவது மினிடிவி (MiniDV) என்ற டிஜிட்டல் வீடியோ டேப். 1995-ல் வந்த முறை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேசட், ஒரு மணி நேரம் ஓடும். அதைக் கணினிக்கு மாற்ற ஃபயர்வயர் என்ற தனி இணைப்பு வேண்டும். யுஎஸ்பி துளை இருக்கிறதே என்று அதில் செருகினால் தபால்தலை அளவில் ஒரு மங்கல் படம் வரும், அதை நம்பி ஒரு வாரம் வீணடித்தோம். அந்த இணைப்புக்குத் தனியாகக் கார்டு வாங்கிக் கணினியைத் திறந்து மாட்டினோம். ஒரு மணி நேர டேப் மாற ஒரு மணி நேரமே ஆகும், அவசரப்படுத்த முடியாது. அந்த ஒரு மணி நேரம் வட்டில் 13 ஜிபி எடுத்துக்கொள்ளும், எங்களிடம் இருந்ததோ 40 ஜிபி வட்டு, அதுவும் ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில், 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை ஏற்காது. ஆகவே 18 நிமிடத்துக்கு ஒருமுறை நின்றுவிடும், நாங்கள் டீ குடிக்கப் போயிருப்போம். ஆனால் இந்தத் தொல்லையால் ஒரு பழக்கம் வந்தது, எடுத்ததை முழுசாக உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. கண்டபடி எடுக்கிற ஆசை அங்கேயே பாதி செத்துவிட்டது. டேப் ஒன்று 150 ரூபாய் என்பது மிச்சத்தைக் கொன்றது.

அந்த நாட்களில் எங்களுக்கு ஒரு சாமியாட்டம் இருந்தது. 1998-ல் கான் திரைப்பட விழாவில் ஜூரி பரிசு வாங்கிய டென்மார்க் படம் இதே மாதிரி உள்ளங்கை அளவு மினிடிவி கேமராவில் எடுக்கப்பட்டது என்று படித்திருந்தோம். பிறகென்ன, நாமும்தான் என்று கிளம்பினோம். அந்த டென்மார்க்காரர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட விதிகளில் ஒன்று, சத்தம் படத்தோடு சேர்ந்தே பதிவாக வேண்டும், பிறகு தனியாகச் சேர்க்கக் கூடாது என்பது. படிக்கும்போது கண் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டது. கேமரா, கேமரா என்றே வாசித்திருக்கிறோம்.

எங்கள் கதையோ பேச்சை நம்பிய கதை. புளியரையில் ஒரு தாய். மகளை ஆரியங்காவில் கட்டிக்கொடுத்திருக்கிறாள். மகள் வந்து ஒரு பகல் இருந்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, வாசலில் நின்று, "போட்டே அம்மா" என்கிறாள். மலையாளத்தில் அது சாதாரண வார்த்தை, கிளம்பட்டுமா என்று அர்த்தம். தமிழ் வீட்டில் "போறேன்" என்று சொல்லிவிட்டு யாராவது படியிறங்குவார்களா? "போயிட்டு வாரேன்" என்றுதானே சொல்ல வேண்டும்? தாய்க்குச் சுருக்கென்கிறது. அவ்வளவுதான் கதை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சிக் கணக்கில் இருந்த ஊர், என் ஆச்சி எழுதப் படித்தது மலையாளத்தில். ஆக ஒரே வீட்டுக்குள் இரண்டு பேச்சும் நடமாடும். அந்த ஒரு சொல்லைக் காற்று தின்றுவிட்டது. மீதி இருந்தது, இரண்டு பெண்கள் வாயசைப்பதும் தென்னை ஆடுவதும்.

டப்பிங் செய்து பார்த்தோம். அத்தையைப் படுக்கையறையில் உட்காரவைத்து, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, டிவியில் அவள் உதட்டைப் பார்த்துப் பேசச் சொன்னோம். பள்ளிக்கூடத்தில் திருக்குறள் ஒப்பிப்பது போல வந்தது. வரப்பில் நின்றபோது அவளுக்குள் ஏதோ இருந்தது, அறைக்குள் அது இல்லை. மறுபடி எடுப்பது என்று முடிவானது.

இப்போது யாராவது பத்தாயிரம் ரூபாய் வைத்துக்கொண்டு என்ன வாங்கலாம் என்று கேட்டால், பாதியை மட்டும் கேமராவுக்குச் செலவழி என்கிறேன். மீதியில் மைக், ஹெட்போன், ஒரு கனமான டிரைபாட். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், பழைய படம் மாதிரி இருக்கிறது என்று பாராட்டக்கூடச் செய்கிறார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் ஐந்து நிமிடத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறார்கள். பழைய கேம்கார்டர் வாங்கும்போது முதலில் அதன் பக்கவாட்டு மூடியைத் திறந்து மைக் துளையும் ஹெட்போன் துளையும் இருக்கிறதா என்று பாருங்கள். விலை மலிவான மாடல்களில் பலவற்றில் அது இருக்காது. எங்களுக்கு அதிர்ஷ்டவசமாக இருந்தது. இருந்ததே எட்டு மாதம் கழித்துத்தான் தெரியும்.

சென்னை ரிச்சி தெருவிலிருந்து நண்பன் ஒரு காலர் மைக் வாங்கி வந்தான். வயர் உள்ளது, நடுவில் பொத்தான் பேட்டரி போடும் குப்பி. முதல் நாள் பேட்டரி சுவிட்சைத் தட்டாமலே காலை முழுக்க எடுத்தோம். இரண்டாம் நாள் இடது பக்க ஸ்பீக்கரில் மட்டும் பேச்சு, வலதில் ஒன்றுமில்லை. மைக் மோனோ, அதாவது ஒரே தடம், கேமராவின் துளை ஸ்டீரியோ, இரண்டு தடம், ஆகவே ஒரு பக்கம்தான் பதியும். பதறாதீர்கள், எடிட்டிங்கில் இடதை வலதுக்கும் நகல் எடுத்தால் சரியாகிவிடும். மூன்றாம் நாள் சரசர என்று ஒரு சத்தம், எங்கிருந்து வருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டோம். அத்தையின் சேலை. பாலியஸ்டர் சேலையின் முந்தானை மைக் மேல் உரசிக்கொண்டே இருந்தது. பருத்திச் சேலைக்கு மாற்றச் சொன்னோம், நன்றாகத் துவைத்துப் பழசான பருத்தி சத்தமே போடாது. "படம் எடுக்கேன்னு சொல்லிட்டுப் பழைய சேலையக் கட்டச் சொல்லுதானே" என்று அத்தை அழாத குறை. மைக்கைப் புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்திரி கொண்டு உள்பக்கம் ஒட்டினோம். மேலே பஞ்சு உறை, காற்று அதற்கும் மசியாதபோது, மருமகனின் கரடி பொம்மையை அறுத்து அந்த மயிர்த் துணியில் ஒரு குல்லாய் தைத்தோம். கரடி விஷயம் அவனுக்கு இன்னும் மறக்கவில்லை.

இந்தக் கேமராக்களில் எல்லாமே தானாக நடக்கும் என்பதுதான் விளம்பரம். நான் கண்டவரை, வேலையே அந்தத் தானாக என்பதை ஒவ்வொன்றாக நிறுத்துவதில்தான் இருக்கிறது. ஃபோகஸ் தானாக ஓடும், முகத்தை விட்டுவிட்டு முன்னால் ஆடுகிற வாழை இலையைப் பிடித்துக்கொள்ளும், சாரல் துளியைக்கூட விடாது. முழுசாக ஜூம் செய்து கண்ணைத் தெளிவாக்கி, ஃபோகஸைக் கைமுறைக்கு மாற்றி, பிறகு வேண்டிய அளவுக்குப் பின்வாங்குங்கள். வெளிச்சமும் அப்படித்தான், கதவைத் திறந்ததும் வெளி வெயிலைப் பார்த்து மிரண்டு வீட்டுக்குள் இருப்பவர்களைக் கரியாக்கிவிடும், பூட்டி வைக்க வேண்டும். பெட்டியில் 120x என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, உண்மையான லென்ஸ் ஜூம் 10x மட்டும். மீதி வெறுமனே படத்தை ஊதிப் பெரிதாக்குவது, முதல் நாளே அணைத்துவிடுங்கள். டிரைபாடில் வைத்தபின் நடுக்கம் தடுக்கும் வசதியையும் அணையுங்கள், இல்லாவிட்டால் கேமராவைத் திருப்பி நிறுத்தியபின்னும் படம் ஒரு கணம் தானே நகரும், பேய் தள்ளுவது போல.

வெள்ளைச் சமன் பற்றி ஒரு கூத்து. வெள்ளைப் பொருள் ஒன்றைக் காட்டி, இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வெள்ளைக்கு எங்களிடம் என்ன பஞ்சம், மாமாவின் வேட்டியைக் காட்டினோம். எடுத்ததெல்லாம் மஞ்சள் காமாலை. வேட்டியில் சொட்டுநீலம். நீலம் ஏறிய துணியை வெள்ளை என்று நம்பிய கேமரா, நியாயமாகவே எல்லாவற்றிலிருந்தும் நீலத்தைக் கழித்துவிட்டது. பிறகு சாதாரணத் தாள்.

வெளிச்சத்துக்குக் கல்யாண வீடியோக்காரர்களின் சன் கன் என்ற பளீர் விளக்கு வாடகைக்குக் கிடைக்கும், வேண்டாம். அதை முகத்துக்கு நேரே அடித்தால் எந்தக் கதையும் தாலி கட்டும் காட்சியாகிவிடும். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஆளை உட்காரவைத்து, மறுபக்கம் ஒரு தெர்மோகோல் அட்டையை யாராவது பிடித்துக்கொண்டால் போதும். கேமராவின் சென்சார் ஓர் உளுந்து அளவு, பொழுது சாய்ந்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொதிக்கும். ஆகவே நாலரை மணிக்கே கடை கட்டினோம், மலை நிழல் எங்கள் ஊரில் சீக்கிரம் விழும். அதே உளுந்தினால்தான் பின்னணி மங்கலாகாது, முகமும் மலையும் ஒரே தெளிவில் நிற்கும். 2008 கடைசியில் வீடியோவும் எடுக்கும் போட்டோ கேமராவான கேனன் 5டி மார்க் 2 வந்து, குறும்படம் என்றாலே பின்னால் விளக்குகள் வட்ட வட்டமாகக் கரைய வேண்டும் என்று ஆனபோது எங்களுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. இப்போது இல்லை. எங்கள் படத்தில் அத்தைக்குப் பின்னால் இருக்கும் ஓட்டுவீடு, கிணறு, யார் வீட்டு ஆடு என்பதுவரை தெரிகிறது. கிணறு இப்போது இல்லை.

ஈரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பக்கத்துக்காரன் இல்லை நான். டேப் கேமராவின் உள்ளே ஒரு உருளை வேகமாகச் சுற்றும், அதில் பனி படிந்தால் டேப் ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும், ஆகவே கேமரா நீர்த்துளிப் படம் ஒன்றைக் காட்டிவிட்டு வேலைநிறுத்தம் செய்துவிடும். ஆரியங்காவுக் குளிரில் விடிகாலை ஜீப்பில் வந்து, அப்படியே இட்லி வேகும் அடுக்களைக்குள் கேமராவோடு நுழைந்தோம். நீர்த்துளி. டேப்பையும் வெளியே தள்ளாது. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து முறுக்கு டின் ஒன்றில், துணிப்பையில் கட்டிய அரிசியோடு கேமராவைப் பூட்டி வைப்போம். அரிசியை நேராகக் கொட்டாதீர்கள், தவிடு உள்ளே போகும்.

மறுபடி எடுத்த படம் 9 நிமிடம். அதைக் கேரளப் பக்கம் ஒரு வாயனசாலையில் காட்டினோம். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஓட்டுக் கட்டிடத்தில் ஒரு நூலகமும், பத்திரிகை படிக்க பெஞ்சும், சாயங்காலம் வாதம் செய்ய நாலு பேரும் இருப்பார்கள். இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய சித்ரலேகா என்ற திரைப்படச் சங்கம் முதலாகவே ஃபிலிம் சொசைட்டி பழகிய மண். 80-களில் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவருடைய ஒடேசா கூட்டத்தாரும் ஊர் ஊராக மக்களிடம் காசு வாங்கிப் படமெடுத்ததை நேற்று நடந்தது போலப் பேசுகிறவர்கள் அங்கே இன்னும் கிடைப்பார்கள். ஆகவே கொஞ்சம் பயத்தோடுதான் போனோம்.

இந்த முறை ஒவ்வொரு சொல்லும் கேட்டது. மகள் "போட்டே அம்மா" என்றாள். தாயின் முகம் மாறியது. நாங்கள் அழுகையை எதிர்பார்த்த இடத்தில் கூடம் சிரித்தது. படம் முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்து, பாதி மலையாளத்திலும் பாதி தமிழிலும், "இதில் கோபிக்க என்ன இருக்கு மோனே? நாங்க தெனமும் சொல்றதுதானே?" என்றார். பின்வரிசையில் ஒரு பெண், சுரண்டையிலிருந்து அங்கே வாழ்க்கைப்பட்டவராம், "அந்தம்மாவுக்கு ஏன் வலிச்சதுன்னு எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு அரை மணி நேரம் அவர்களுக்குள்ளேயே வாதம், எங்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. கேமரா என்ன மாடல் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நாங்களோ அதற்குத்தான் பதில் தயார் செய்து வைத்திருந்தோம்.

அதன்பின் மூன்று நான்கு படம் எடுத்தோம், சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அந்த டேப்களில் ஒன்றே ஒன்றை மட்டும் இப்போதும் பார்க்கிறேன். 2010-ல் செங்கோட்டை - புனலூர் மீட்டர்கேஜ் பாதையை அகலமாக்க மூடப்போகிறார்கள் என்றதும், கழுதுருட்டிப் பக்கம் பதிமூணு கண் பாலத்தின் கீழே சாலையோரம் நின்று ரயில் வருவதை எடுத்தது. 1904-ல் ஓட ஆரம்பித்த பாதை. ரயில் நிலையத்துக்குள் கேமரா வைக்க அனுமதி வாங்க வேண்டும், சாலையிலிருந்து பாலம் அப்படியே தெரியும், ஆகவே அங்கே நின்றோம். எதற்கோ அன்று மைக்கைக் கழற்றாமல் விட்டிருந்தோம், கரடிக் குல்லாயோடு. ரயில் கண்ணில் படுவதற்கு ரொம்ப நேரம் முன்பே மலைக்குள் எங்கேயோ ஊதுவதும், அது இரண்டு மூன்று இடத்தில் முட்டித் திரும்புவதும் பதிந்திருக்கிறது. ரயில் வந்து போவது சில நொடிதான். 2018-ல் அகலப்பாதை திறந்து ரயில் மறுபடி ஓடுகிறது, அதே பாலத்தின் மேல்தான். நான் அங்கே போய் நின்று கேட்டுப் பார்த்தேன், ஒலி வேறு மாதிரி இருக்கிறது, அல்லது என் காதுக்கு வயதாகிவிட்டது.

போன மாதம் டேப்களையெல்லாம் மாற்றி வைக்கலாம் என்று இறங்கினேன். ஃபயர்வயர் துளை உள்ள கணினி இப்போது யாரிடமும் இல்லை, பழைய பெட்டியையே தூசி தட்டி ஓட்டினேன். இரண்டு டேப்பில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. மீதியெல்லாம் தேறியது. யாரிடமாவது மினிடிவி டேப் கிடந்தால் தள்ளிப்போடாதீர்கள், டேப்பைவிட ஓட்டும் கேமராதான் முதலில் சாகிறது.

அந்த வேலையாக இருந்தபோது மருமகன் வந்தான், கரடியைப் பறிகொடுத்தவன், இப்போது கல்லூரியில் குறும்படம் எடுக்கிறான், போனில்தான். கேமராவைத் துடைத்து அவன் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான், மடக்குத் திரையைத் திறந்து மூடினான், கீழே வைத்துவிட்டான்.

"இது வேண்டாம் மாமா. அந்த மைக் இருக்கா?"

மைக் இருந்தது. பஞ்சு உறை தொட்டதும் பொடியாக உதிர்ந்துவிட்டது, குல்லாய் மட்டும் அப்படியே இருக்கிறது. போனில் செருக வேறு பின் வேண்டும், அதை நாளைக்குத் தென்காசியில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.